படத்தில் ஆட்களை வைப்பவள்

வெள்ளச்சி ஊரணி முடிந்துவிட்டது, திரையில்.
சுற்றிலும் நடைபாதை, கிரானைட் விளிம்பு,
விளக்குக் கம்பம் பதினெட்டு,
தண்ணீருக்கு இருப்பதைவிட இரண்டு பங்கு நீலம்.
ஆட்களை வச்சு சாயங்காலத்துக்குள்ள குடு
என்றார் சார்.
அதுதான் என் உத்தியோகம்.

ஆட்கள் கணினியில் ஒரு கோப்பில் கிடக்கிறார்கள்:
நாயைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரி,
பலூன் பையன்,
காதில் ஒயரோடு ஓடுகிறவன்.
போன மாதம் தேவகோட்டைச் சந்தையில் இதே மூவர்,
அதற்கு முன் மானாமதுரை பஸ் ஸ்டாண்டில்.
எங்கே நிறுத்தினாலும் அவர்களுக்கு வியர்ப்பதில்லை.
நிழலை மட்டும் நான் திருப்பிப் போடுவேன்
காரைக்குடி வெயிலுக்குத் தோதாக.

ஆபீஸ் வாசல் போர்டில்
நகராட்சிக்கு முன்னால் இடமில்லாத இடத்தில்
ஒரு 'மா'வை நெருக்கி எழுதியதிலிருந்து
எங்களுக்குக் கை ஓயவில்லை.
வரைந்த இடம் எதையும் நான் போய்ப் பார்த்ததில்லை.
அன்றைக்கு ஏனோ
ராத்திரி ஒன்பதரைக்கு ஊரணிப் பக்கம் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

இருட்டு. மூத்திர வாடை.
படிக்கட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் ஏழு பேர்
குதிகால்களைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள்.
கடையில ஸ்டூலு இருக்குக்கா, உக்கார நேரந்தான் இல்ல
என்றாள் ரஞ்சிதமணி.
கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.
சிமெண்டுக் கட்டையில் சேவுகன் நீட்டிப் படுத்திருந்தார்,
ஆட்டோ சாவி நெஞ்சின்மேல்.
சிக்கந்தர் பாய் பூட்டுக்கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.
பலகையில் சிவப்புப் பெயிண்ட்: ஆ-14.
ஆக்கிரமிப்பு பதினாலு.
பேரு வச்சுட்டாகம்மா
என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லைட்டு போடுவீகளாக்கா?
பதினெட்டு, என்றேன்.
பாத்ரூமு?
நான் தண்ணீரைப் பார்த்தேன்.
அந்த மூலையில் என் கையால் வரைந்திருந்தது
செல்ஃபி பாயிண்ட்.

மறுநாள் செல்போன் படங்களை வெட்டி
ஒன்பது பேரையும் உள்ளே வைத்தேன்.
ஏழு பேரின் ஈரக் குதிகால்,
சேவுகனின் பிளந்த வாய்,
பாயின் சாவிக் கொத்து.
வெள்ளைக்காரியின் நாயை மட்டும் விட்டுவைத்தேன்,
ஊரணிக்கு நாய் உண்டுதானே.
சார் வெகுநேரம் பார்த்தார்.
யாரு இவங்க?
ஆட்கள் சார்.
ஊரு தெரியுதும்மா. எடுத்துடு.

எடுத்துவிட்டேன்.
பலூன் பையன் திரும்பி வந்தான்.
ஆனால் பதினோராம் தாளை,
யாரும் கடைசிவரை புரட்டாத அந்தத் தாளை,
திறந்து
செல்ஃபி பாயிண்ட்டை அழித்தேன்.
பெண்கள் கழிப்பறை, நாலுக்கு மூணு மீட்டர்,
என்று தட்டச்சு செய்தேன்.
விரல் நடுங்கியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

தாளில் இருந்தது டெண்டருக்குப் போனது.
டெண்டரில் இருந்தது கட்டடமாக எழுந்தது.
அவ்வளவுதான், ஒரு ஊர் இப்படியும் மாறும்.

இப்போது வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.
பொய் சொல்லக்கூடாது.
கைக்குழந்தையோடு பத்து மணிக்கும் நடக்கிறார்கள்.
படிக்கட்டுக்குக் கம்பிவேலி.
பெஞ்சுகளின் நடுவில் ஒரு இரும்புக் கை,
யாரும் படுத்துவிடாதபடி.
சேவுகன் பெஞ்சுக்கு அடியில் படுக்கிறார்.
பாயின் கடை பின்சந்துக்குப் போய்விட்டது,
நம்பர் இல்லாமல்.

கழிப்பறைக்குப் பூட்டு.
திறந்துவைக்க ஆள் வர வேண்டுமாம், தேதி கிடைக்கவில்லையாம்,
நாலு மாதம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி
பூட்டிய கதவைத் திறந்துகொண்டு
முகம் கழுவி வெளியே வந்தாள் ரஞ்சிதமணி.
கடை அடையாள அட்டைக் கயிற்றில்
ஒரு புதுச் சாவி.
ஏழு பேருக்கும் ஏழு, என்றாள்.
பாய் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.
பிறகு கைப்பையைத் துழாவி
எட்டாவதை என்னிடம் நீட்டினாள்.
உள்ளங்கையில் அதன் பல் உறுத்தியது,
அரம் பட்ட சூடு இன்னும் இருப்பது போல.

திங்கட்கிழமை பள்ளத்தூர்ப் பூங்கா வந்திருக்கிறது.
ஆட்களை வைக்க வேண்டும்.